டெலானிபூர்க் குழந்தையின் ஆங்கிலத்தைக் கேட்பவர் யார்?

பல தலைமுறைகள் போர்ட் பிளேர் என்று அழைத்த நகரம் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அந்நகரின் குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று டெலானிபூர். அங்கே வளரும் தமிழ்க் குழந்தைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளிப் புத்தகத்தில் ஆங்கிலம். மூன்றில் ஒன்றைப் பெற்றோர் தந்தனர். ஒன்றைப் பள்ளி தர முயல்கிறது. நடுவில் உள்ள இந்தியைத் தந்தது யார்?

இந்தி பள்ளியில் பாடமாக இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாடம் தொடங்குவதற்கு முன்பே குழந்தை இந்தி பேசத் தொடங்கிவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் எந்த மொழிக்கும் பெரும்பான்மை இல்லை. வங்காளி சுமார் 28 விழுக்காட்டினரின் தாய்மொழி. தமிழ் சுமார் 15 விழுக்காட்டினருடையது. தெலுங்கும் மலையாளமும் நிக்கோபாரியும் பேசுவோர் எல்லாத் தெருக்களிலும் கலந்து வாழ்கின்றனர். இத்தனை பேரையும் இணைக்கும் பொதுமொழியாகத் தீவுகளுக்கே உரிய ஓர் இந்தி உருவாகியிருக்கிறது. இலக்கணத்தில் தூய்மை பார்க்காத அந்த இந்தியில் குழந்தை பந்தைக் கேட்கிறது. பக்கத்து வீட்டு வங்காளிச் சிறுவன் பதில் சொல்கிறான். அபர்தீன் கடைவீதியில் விலை கேட்கிறது. கடைக்காரர் பதில் சொல்கிறார். சொல் தவறினால் எதிரில் இருப்பவர் முகத்தைச் சுளித்துத் திரும்பக் கேட்கிறார். குழந்தை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறது. ஒரு மொழி வந்துவிடுகிறது.

ஆங்கிலம் அப்படி வருவதில்லை. அதன் பாடநூல் நன்றாகவே இருக்கிறது, ஆசிரியரும் இருக்கிறார், இப்போது கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம் நாள் முழுவதும் ஒலிக்கிறது. ஆயினும் அந்த மொழியில் குழந்தை சொல்லப்போகும் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருப்பவர் எவரும் இல்லை. ஆங்கில மொழி கற்பித்தலில் தொழில்நுட்பம், கலப்புக் கற்றல் ஆகியவை பற்றி எழுதப்படும் கட்டுரைகளும் நடத்தப்படும் கருத்தரங்குகளும் பெரும்பாலும் தொடாமல் கடந்துபோகும் இடம் இதுவே.

கடலுக்கு நடுவே உள்ள ஓர் ஊரில் இதை வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தொழில்நுட்பம் வருவதற்கு முன், வந்த பின் என்று நாள் குறித்துச் சொல்லக்கூடிய ஊர்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. இத்தீவுகளுக்கு அந்த நாள் 2020 ஆகஸ்ட் 10. சென்னையிலிருந்து கடலடியில் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரிலிருந்து அது ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று கிளைத்தது. (சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவு இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கலாம்.) அதற்கு முன் தீவுகளின் இணையம் முழுவதும் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. பொதுமுடக்கம் 2020 மார்ச் மாத இறுதியில் தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் இணையத்துக்கு மாறிய முதல் நான்கரை மாதங்களைத் தீவுகள் அந்த மெல்லிய இணைப்பைக் கொண்டே கடந்தன.

கேபிள் வந்தபோது எல்லோரும் வேகத்தைப் பற்றிப் பேசினர். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே விநாடிக்கு 400 கிகாபிட் என்ற எண் செய்திகளில் இடம்பெற்றது. காணொளி தடையின்றி ஓடும் என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்பட்டது. மொழி கற்பிப்போர் கவனித்திருக்க வேண்டியது வேறோர் எண். புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு சொல் மேலே போய்க் கீழே வர ஏறத்தாழக் கால் விநாடி ஆகும். கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி. கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கேபிளின் முழு நீளத்தையும் கடப்பதாக வைத்துக்கொண்டாலும் ஒரு வழிக்கு 12 மில்லி விநாடி போதும்.

அரை விநாடி என்ன பெரிய காலமா என்று தோன்றலாம். பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஸ்டிவர்ஸ் குழுவினரின் ஆய்வு, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே உள்ள சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லி விநாடி என்று கண்டது. மொழிக்கு மொழி சிறிது கூடிக் குறைந்தாலும், மனிதர்கள் எல்லோரும் இந்த அளவை ஒட்டியே பேச்சை வாங்கி விடுகின்றனர். அதைத் தாண்டி மௌனம் நீண்டால் எதிரில் இருப்பவர் தயங்குகிறார், மறுக்கிறார் அல்லது புரியவில்லை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே செயற்கைக்கோள் வழியே விரிவுரை கேட்கலாம்; உரையாடப் பழகுவது கடினம். தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசும் குழந்தையின் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் அரை விநாடி மௌனம் விழுந்தால், தான் சொன்னது தவறு என்றே அது முடிவு செய்யும். கேபிள் அந்த மௌனத்தை ஏறக்குறைய நீக்கிவிட்டது. உரையாடல் இப்போது சாத்தியம். ஆனால் கேபிளில் ஏற்றி அனுப்பப்பட்டவை பெரும்பாலும் மீண்டும் விரிவுரைகளே.

இது இன்று தொடங்கிய பழக்கம் இல்லை. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு நடந்த சைட் என்னும் செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளை அனுப்பியது. உலகமே வியந்த முயற்சி அது. கிராமத்திலிருந்து திரும்பிப் பேச அதில் வழி இல்லை. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே எடுசாட் ஏவப்பட்டது. திரும்பக் கேள்வி கேட்கும் வசதியுடைய முனையங்கள் அதில் இருந்தன. ஆனால் ஒரு நிலையத்தில் பேசும் ஒருவரிடம் நூறு வகுப்பறைகள் கேள்வி கேட்க எத்தனை நிமிடம் கிடைக்கும்? தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 2019-இல் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பி.எம். இ-வித்யா திட்டம் வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்று பன்னிரண்டைத் தந்தது. 2022 வரவுசெலவுத் திட்டம் அவற்றை இருநூறாக்கப்போவதாக அறிவித்தது. இருநூறு அலைவரிசைகளும் குழந்தையிடம் பேசும். குழந்தை பேசினால் கேட்க ஒன்றும் இல்லை. கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் இது ஓரளவு பொருந்தலாம். பேச்சையே பாடமாகக் கொண்ட மொழிக்கு எப்படிப் பொருந்தும்?

கேட்டுக் கேட்டே மொழி வந்துவிடும் என்ற கருத்துக்குக் கோட்பாட்டு ஆதரவு இல்லாமல் இல்லை. புரியக்கூடிய உள்ளீடு போதிய அளவு கிடைத்தால் மொழி தானே அமையும் என்றார் ஸ்டீபன் கிராஷன். அதற்கு வலுவான மறுப்பு கனடாவிலிருந்து வந்தது. அங்கே ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பல ஆண்டுகள் எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே படித்தனர். அவர்களின் கேட்டறியும் திறன் வியக்கத்தக்க அளவு வளர்ந்தது. பேச்சும் எழுத்தும் அந்த அளவு வளரவில்லை. பேசவேண்டிய நெருக்கடி இருந்தால்தான் கற்பவர் தன் மொழியின் ஓட்டையைத் தானே காண்கிறார் என்று மெரில் ஸ்வெயின் 1985-இல் எழுதினார். நம் நாட்டு அலைவரிசைகள் எல்லாம், தெரிந்தோ தெரியாமலோ, கிராஷன் பக்கம் நிற்கின்றன.

இங்கே என்.எஸ். பிரபுவைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் அவர் நடத்திய பெங்களூர்த் திட்டம், கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே உள்ள சாதாரண வகுப்பறையில் பணிகளின் வழியே ஆங்கிலம் கற்பிக்க முடியும் என்று காட்டியது. உலகெங்கும் பணிவழிக் கற்பித்தல் பேசுவோர் இன்றும் அதிலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் மாணவர்கள் தங்களுக்குள் குழுவாகப் பேசிப் பழகுவதை பிரபு ஊக்குவிக்கவில்லை. ஒருவர் தவறு மற்றவர்க்குத் தொற்றி, திருந்தாத ஓர் ஆங்கிலம் உறைந்துபோகும் என்று அவர் அஞ்சினார். டெலானிபூர்த் தெருவின் இந்தியை நினைத்தால் அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு என்று ஒப்புக்கொள்ளலாம்: அது இலக்கண நூலின் இந்தி இல்லை. ஆனால் அந்த இந்தி பேசும் பிள்ளைகள் எவரும் ஊமையாக நிற்பதில்லை. உறைந்த ஆங்கிலம், பேசாத ஆங்கிலம் ஆகிய இரண்டில் எது பின்னர் திருத்தக்கூடியது என்று கேட்டால் விடை எளிது. பிரபுவின் அச்சத்துக்கு மருந்து, பேச்சைக் குறைப்பதைவிட, நன்றாக ஆங்கிலம் அறிந்த செவிகளைக் கூட்டுவதே.

கலப்புக் கற்றல் என்ற பெயரில் வந்த வழிகாட்டுதல்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதத்தில் வெளியிட்ட கருத்துருவில், ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையவழியிலும் எஞ்சியது நேரடியாகவும் நடத்தலாம் என்றது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நீண்ட காலம் இயங்கிய போர்ட் பிளேர் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி போன்ற இடத்துக்கு இந்த நெகிழ்வு தேவையானதுதான். கப்பல் ஏறி வந்து படிக்கும் பிறதீவு மாணவர் அங்கே உண்டு. ஆனால் 40, 60 என்பவை இடத்தின் விகிதங்கள். ஆசிரியர் அறையில் குறிப்பை வாசிக்கிறார், மறுநாள் கூகுள் மீட்டில் அதே குறிப்பை வாசிக்கிறார் என்றால் விதிப்படி அது கலப்புக் கற்றல். மாணவர் இரு நாளும் வாய் திறக்கவில்லை என்பது எந்தப் படிவத்திலும் பதிவாகாது.

கருத்தரங்குகளில் கலப்பு முறையின் மேன்மைக்குச் சான்றாக அமெரிக்கக் கல்வித் துறை 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. நேரடி வகுப்பை மட்டும் கொண்டவற்றைவிடக் கலப்பு முறை நல்ல பயன் தந்தது என்று அதில் இருப்பது மெய். அதே அறிக்கையில் ஆசிரியர்கள் தந்த எச்சரிக்கையைத்தான் எவரும் சொல்வதில்லை: கலப்பு வகுப்புகளில் கற்கும் நேரமும் பாடப்பொருளும் பல இடங்களில் கூடுதலாக இருந்தன, ஆகவே பயனை ஊடகத்தின் கணக்கில் எழுதக்கூடாது. திரை வந்ததால் நேரம் கூடினால் நன்மை. திரை வந்து ஆசிரியர் குறைந்தால் அந்த ஆய்வு துணைக்கு வராது.

ஒரு சிறு கணக்கு. நாற்பது பேர் வகுப்பு, நாற்பது நிமிடப் பாடவேளை என்று கொள்வோம். ஆசிரியர் முற்றிலும் வாய்மூடி இருந்தாலும் ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம். அவர் பாதி நேரம் விளக்கினால் அரை நிமிடம். வாரத்துக்கு ஆறு பாடவேளை இருந்தால் மூன்று நிமிடம். விளக்கத்தை ஒலிப்பதிவாக முன்பே கைபேசிக்கு அனுப்பிவிட்டு, வகுப்பில் குழந்தைகளை இருவர் இருவராகப் பேசவிட்டால் ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். இதுவே கலப்புக் கற்றலின் உண்மையான பயன்: கேட்கும் வேலையைத் திரைக்குத் தள்ளி, பேசும் வேலைக்கு அறையைக் காலி செய்வது. இதற்குக் கேபிள்கூட வேண்டாம். நினைவக அட்டையில் ஏற்றிக் கைமாற்றினாலும் போதும்.

ஆனால் இருவர் பேசும்போது மூன்றாவதாகக் கேட்டுத் திருத்துபவர் யார் என்ற பிரபுவின் கேள்வி அங்கேயே நிற்கிறது. குழந்தைகள் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும் என்று பணிமனைகளில் எளிதாகச் சொல்லப்படுகிறது. நாற்பது பதிவுகளை ஒருமுறை கேட்க மட்டும் எண்பது நிமிடம் ஆகும். அது இரண்டு பாடவேளை. எந்தப் பள்ளியின் கால அட்டவணையில் ஆசிரியர் கேட்பதற்கென்று பாடவேளை ஒதுக்கப்பட்டிருக்கிறது? தேர்வும் உதவுவதில்லை. தீவுப் பள்ளிகள் பின்பற்றும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் நூற்றுக்கு எண்பது எழுத்துத் தேர்வுக்கு. கேட்டலும் பேசலும் எஞ்சிய இருபதுக்குள் ஒரு சிறு பங்கு.

இயந்திரம் கேட்கட்டுமே என்பது இன்றைய விடை. கூகுள் 2019-இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் வெளியிட்ட செயலி, குழந்தை உரக்கப் படிப்பதைக் கேட்டுத் தவறிய சொல்லைக் காட்டியது. பதிவிறக்கிய பின் இணையம் இன்றியும் இயங்கியது. மறு ஆண்டு ரீட் அலாங் என்று பெயர் மாறித் தமிழையும் சேர்த்துக்கொண்டது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சலிக்காத செவி அது. இருந்தாலும் அது கேட்பது குழந்தை தானாகச் சொல்லும் சொல்லை இல்லை. திரையில் எழுதியிருப்பதைச் சரியாகப் படித்ததா என்பதை மட்டும். பதிலே சொல்லும் இயந்திரங்களும் இப்போது வந்துவிட்டன. அவை எதைச் சொன்னாலும் புரிந்துகொள்ள முயல்கின்றன, முகம் சுளிப்பதில்லை. கடைவீதி இந்தியைக் கற்பித்தது அந்த முகச்சுளிப்பு அல்லவா?

தவறைத் திருத்துவதைவிடத் தவறின் வேரை அறிவது பெரிது. 'டுமாரோ ஒன்லி ஹி வில் கம்' என்று டெலானிபூர்க் குழந்தை சொன்னால், அதற்குள் 'நாளைக்குத்தான் வருவான்' இருக்கிறது. தமிழ் அறிந்த ஆசிரியருக்கு அது ஒரு நொடியில் விளங்கும். 'தான்' என்பதை ஆங்கிலம் குரல் அழுத்தத்தால் காட்டும் என்று சொல்லிவிடுவார். பன்றியையும் பெரியதையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தில் 'பிக்' என்றே வரும். இந்தி தேவநாகரியில் அவற்றைப் பிரித்து எழுதத் தெரிந்த அதே குழந்தைக்கு, இந்தியைச் சுட்டிக்காட்டியே அந்த வேறுபாட்டை உணர்த்தலாம். மூன்று மொழிகளும் இருக்கும் தலையில் ஒன்றை ஏணியாக வைத்து மற்றொன்றுக்கு ஏற்றுவது மனிதர் செய்யும் வேலை. கலப்பு என்ற சொல்லுக்கு இணையமும் வகுப்பறையும் என்று மட்டும் பொருள் கொண்டவர்கள் இந்தக் கலப்பை மறந்துவிட்டனர்.

அத்தகைய செவிகள் இல்லாமல் போகவில்லை. கேபிளின் மறுமுனை சென்னை. ஈராண்டு பி.எட். படிப்பில் இருபது வாரப் பள்ளிப் பயிற்சியைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் கட்டாயமாக்கின. ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட தமிழ்நாட்டுப் பயிற்சி மாணவர்களுக்கு, தமிழ் அறிந்த ஆங்கில ஆசிரியராவதற்கு இதைவிட நல்ல களம் இருக்காது. போர்ட் பிளேரிலேயே தாகூர் அரசுக் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்களுக்குத் தீவின் இந்தியும் தெரியும். ஒரு பயிற்சி மாணவர் நான்கு குழந்தைகளை ஏற்று, ஒவ்வொருவரிடமும் வாரம் இருமுறை கால்மணி நேரம் பேசினால் அவருக்கு ஆவது இரண்டு மணி. குழந்தைக்குக் கிடைப்பது அரைமணி. வகுப்பறை தந்த மூன்று நிமிடத்தைப் போலப் பத்து மடங்கு. இதற்குப் புதிய செயலியோ மென்பொருளோ தேவையில்லை. பயிற்சிப் பதிவேட்டில் 'கேட்டது' என்று ஒரு பத்தியும், அதற்கு மதிப்பெண்ணும், குழந்தையின் பாதுகாப்புக்காகப் பள்ளியின் பொறுப்பில் அழைப்பு நடக்கும் ஏற்பாடும் போதும்.

கைபேசி யாருடையது என்ற கேள்வி மிஞ்சும். 2021 ஏசர் ஆய்வில் பள்ளிக் குழந்தைகளின் வீடுகளில் 67.6 விழுக்காட்டில் திறன்பேசி இருந்தது. இருந்த வீடுகளிலும் கால்வாசிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆய்வு நடந்தது ஊரகங்களில், டெலானிபூர் நகரம். என்றாலும் பகலில் திறன்பேசி வேலைக்குப் போகும் பெரியவருடன் போவது எங்கும் உள்ளதே. ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும் ஊர் அது. அப்பா வீடு திரும்பி, கைபேசி மேசைக்கு வந்து, குழந்தை இன்னும் தூங்காமல் இருக்கும் நேரம் ஏழிலிருந்து ஒன்பது வரை. சென்னை விடுதியில் இருக்கும் பயிற்சி மாணவருக்கும் அப்போது வகுப்பு இருக்காது.